கைவேலையும் கைச்சரக்கும்

மூன்று மாதங்களுக்கு முன் எனக்குத் தபாலில் ஒரு பார்சல் வந்தது. பழுப்பு நிறக் கைக்காகிதத்தில் சுற்றி, வாழைநார்க் கயிற்றால் கட்டி, முடிச்சின்மேல் சிவப்பு அரக்கு வைத்திருந்தது. உள்ளே 48 கவிதைகள் அடங்கிய ஒரு சிறு புத்தகம். பக்க அடையாளத்துக்கு, சாயம் தோய்த்த ஒரு பனையோலைத் துண்டு. நூலில் கோர்த்த ஒரு டெரகோட்டா பதக்கம். கூடவே பேனாவால் எழுதிய ஒரு சீட்டு. சீட்டில் இரண்டு செய்திகள். ஒன்று, இந்தப் பார்சலில் உள்ள ஒவ்வொன்றும் கையால் செய்யப்பட்டது. இரண்டு, புத்தகம் பிடித்திருந்தால் விற்பனைத் தளத்தில் நாலு வரி எழுதி, நட்சத்திரமும் போட்டு உதவவேண்டும்.

அனுப்பிய நண்பரை இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பெயர் தேவையில்லை. டெரகோட்டா நகைகள் செய்து இணையத்தில் விற்றுக் குடும்பம் நடத்துகிறவர். நகையோடு ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரிக் கவிதை எழுதி வைத்து அனுப்பும் பழக்கம் அவருக்கு உண்டு. வாங்கியவர்கள் பாராட்டினார்கள். பாராட்டு புத்தகமாயிற்று. புத்தகத்தைத் தானே அச்சிட்டு, தானே தைத்து, நகை விற்கிற அதே கடையில் நகைக்குப் பக்கத்திலேயே விலைக்கு வைத்திருக்கிறார்.

நான் நாலு வரி எழுதினேன். உறையில் தெரிகிற கவனம் உள்ளே தெரியவில்லை, பெரும்பாலான கவிதைகள் இன்னும் வேகவில்லை என்று எழுதி மூன்று நட்சத்திரம் போட்டேன். ஐந்துக்கு மூன்று என்பது என் பள்ளிக்கூடக் கணக்கில் முதல் வகுப்பு. இரண்டு நாள் கழித்து டெலிபோன் வந்தது.

'ஸார், பத்து மாசம், ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து செஞ்சது. நூறு பிரதியையும் நானேதான் தைச்சேன். மூணு ஸ்டாருன்னா கடையில என்ன ஆகும் தெரியுமா உங்களுக்கு?'

தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்: 'நீங்க கவிதையைப் பார்த்தீங்க ஸார். வேலையைப் பார்க்கலை.'

இந்தக் கடைசி வாக்கியம் என்னை விடமாட்டேன் என்கிறது. அதில் பாதி அபத்தம் இருக்கிறது. ஆனால் மீதிப் பாதி அபத்தமில்லை என்பது இப்போது தெரிகிறது. எழுதியே தீர்க்கவேண்டிய விஷயம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். சொந்தக் காசில் புத்தகம் போடுவதைக் கேவலமாகப் பேச எனக்கு அருகதை இல்லை, நமக்கு யாருக்குமே இல்லை. தமிழில் கடந்த அறுபது எழுபது வருஷத்தில் உருப்படியாக வந்த கவிதைத் தொகுதிகளில் எத்தனை, பிரசுராலயங்கள் தேடிவந்து வாங்கிப் போட்டவை? சம்பளத்தில் மிச்சம் பிடித்தும், நண்பர்களிடம் ஆளுக்கு ஐம்பது நூறு வசூலித்தும், அச்சகத்துக்குப் பாக்கி வைத்தும் போட்டவையே அநேகம். ஆகவே கேள்வி யார் போட்டார்கள் என்பதல்ல. தானே போட்ட புத்தகத்தைத் தானே விற்பதும் அல்ல. 'கையால் செய்தது' என்று சொல்லி விற்கும்போது புத்தகத்துக்கு என்ன நேர்கிறது, அதைப் படித்து அபிப்பிராயம் சொல்கிறவனுக்கு என்ன நேர்கிறது என்பதுதான்.

கைவேலை என்பதற்கு நகை விஷயத்தில் ஸ்தூலமான அர்த்தம் உண்டு. நண்பர் வீட்டில் பார்த்திருக்கிறேன். களிமண்ணைச் சலித்து, ஊறவைத்து, பிசைந்து, காற்றுக் குமிழி போகும்வரை பலகையில் அடிக்கவேண்டும். குமிழி ஒன்று தங்கினாலும் சுடும்போது வெடிக்கக்கூடும். செய்ததை வெயிலில் வைத்தால் விரிசல் விடும். நிழலில், அவசரப்படாமல் உலரவேண்டும். பிறகு சூடு. இத்தனையிலும் கை செய்த காரியம் பண்டத்திலேயே தங்கியிருக்கிறது. அச்சில் வார்த்த நகைக்கும் கையில் உருட்டிய நகைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்லிவிடலாம். அதற்கு ஒருவர் கூடுதல் விலை கொடுத்தால் நியாயம். 'வேலையைப் பார்' என்று அங்கே கேட்கலாம். வேலைதான் பண்டம்.

ஆனால் அங்கேயும் அந்தச் சொல் என்ன பாடுபட்டிருக்கிறது என்று பார்ப்பது பிரயோஜனமானது. சந்தைகளில் இதற்கென்றே தோன்றியது எட்ஸி. 2005-இல் நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் சில இளைஞர்கள் தொடங்கினார்கள். கையால் செய்தது, இருபது வருஷத்துக்கு மேல் பழசானது, கைவேலைக்கு வேண்டிய சாமான் இவை மட்டுமே அங்கே விற்கலாம் என்பது ஏற்பாடு. ரஸ்கின், வில்லியம் மாரிஸ் காலத்திலிருந்து வருகிற கனவு அது: யந்திரம் தின்றுவிட்ட மனிதனின் கையை மீட்பது. (மாரிஸின் கனவுக்கு நேர்ந்ததும் தெரிந்ததே. சாமானியனுக்கும் அழகு வேண்டுமென்று பேசியவர், 1896-இல் அவருடைய கெல்ம்ஸ்காட் அச்சகத்திலிருந்து வந்த சாஸர் நூலுக்கு இருபது பவுன் விலை வைக்க வேண்டியிருந்தது. காகிதத்தில் அடித்தது 425 பிரதிகள். பணக்காரர்கள் வாங்கி அலமாரியில் பூட்டிக்கொண்டார்கள்.)

2013 அக்டோபரில் எட்ஸி தன் விதியைத் தளர்த்திற்று. வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், வெளித் தயாரிப்பாளரிடம் கொடுத்தும் செய்து வாங்கலாம், அனுமதி பெற்றால் அதுவும் கைவேலைதான். 2015 ஏப்ரலில் பங்குச் சந்தைக்குப் போயிற்று. விற்பனையில் அது எடுத்துக்கொள்ளும் பங்கு 3.5 சதவீதமாக இருந்தது. 2018-இல் 5 ஆகி, 2022 ஏப்ரலில் 6.5 ஆயிற்று. அந்த மாதம் ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையடைப்புச் செய்தார்கள். சதவீதம் இறங்கவில்லை.

கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு என்பதால் போட்டுப் பார்த்தேன். இருபது டாலர் நகை ஒன்று விற்றால் கடைப் பட்டியலில் வைத்ததற்கு 20 சென்ட், 6.5 சதவீதத்துக்கு ஒரு டாலர் முப்பது சென்ட். வாங்கியவர் வெளியே எட்ஸி போட்ட விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் என்றால் சிறு கடைக்காரரிடம் இன்னும் 15 சதவீதம், அதாவது மூன்று டாலர். ஆக நாலரை டாலர். தபால் கட்டணத்தின்மீதும் சதவீதம் உண்டு. பணத்தைக் கைமாற்றித் தருவதற்குத் தனிக் கூலி. மண்ணையும் விறகையும் ராத்திரியையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்கிறவர் அந்த விளம்பர ஏற்பாட்டிலிருந்து விலகவும் முடியாது. அவருக்குச் சலுகை, 12 சதவீதம்.

என்னைக் கவர்ந்தது இந்தப் பணக் கணக்கல்ல, வேறொன்று. 2024-இல் எட்ஸி பண்டங்களுக்குப் புதிதாக நாலு அடையாளச் சீட்டு கொண்டுவந்தது: விற்பவர் செய்தது, விற்பவர் வடிவமைத்தது, விற்பவர் தேர்ந்தெடுத்தது, விற்பவர் தேடி வாங்கிக் கொடுப்பது. செயற்கை அறிவுக்கு ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்து அது வரைந்து தந்த படம், அப்படித்தான் வந்தது என்று சொல்லிவிட்டால், இரண்டாவது சீட்டுக்குள் அடங்கும். ஒரு சொல் இருபது வருஷத்துக்குள் எப்படி நீர்த்துப்போகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம் பல்கலைக்கழகங்களில் கிடைக்காது. முதலில் கை, பிறகு கையின் மேற்பார்வை, பிறகு கையின் அபிப்பிராயம், கடைசியில் கை என்ற வாசனை மட்டும். நாலு படியிலும் மாறாமல் இருப்பது 'விற்பவர்'. பண்டத்திலிருந்து கை விலக விலக, விற்பவரின் முகம் முன்னுக்கு வருகிறது. அவர் எங்கே வசிக்கிறார், எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தார், பூனையின் பெயர் என்ன, பாட்டி என்ன சொல்லிக் கொடுத்தாள்... விற்கப்படுவது இதுதான். யந்திரம் செய்த பண்டத்தின்மேல் ஒட்டிய கைச்சரக்கு.

நண்பர் மோசடிக்காரரல்ல. அவர் மண் நிஜமான மண். ஆனால் அவர் புத்தகத்துக்கு விளம்பரம் எழுதத் தொடங்கியபோது சந்தையிலிருந்து கற்றுக்கொண்டது இந்த மொழியைத்தான். கடைப் பக்கத்தில் புத்தகத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தேன். ஊசி எந்த எண், நூலுக்கு எந்த மெழுகு, எத்தனை ராத்திரி, மின்சாரம் போன அன்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தைத்தது எல்லாம் இருக்கிறது. கவிதைகள் எதைப் பற்றியவை என்று ஒரு வரி இல்லை. 48 கவிதைகளில் ஒன்றின் தலைப்புகூட இல்லை.

புத்தகத்தில் கை என்பது எங்கே இருக்கிறது? 1917 மார்ச்சில் லண்டனில் வர்ஜீனியா உல்ஃபும் கணவர் லெனார்டும் பத்தொன்பது பவுன் சொச்சத்துக்கு ஒரு சிறிய கையச்சு யந்திரமும் கொஞ்சம் அச்செழுத்தும் வாங்கினார்கள். ரிச்மண்டில் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் வைத்துக்கொண்டு, கூட வந்த சிறு புத்தகத்தைப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். லெனார்டின் கை நடுங்கும்; ஆகவே எழுத்துக் கோர்ப்பது வர்ஜீனியா, அச்சடிப்பது லெனார்ட். அந்த ஜூலையில் இருவரும் ஆளுக்கொரு கதை எழுதி, 150 பிரதி அடித்து, தாங்களே தைத்து, தெரிந்தவர்களுக்குக் கடிதம் போட்டு விற்றார்கள். மை சில பக்கங்களில் திட்டுத் திட்டாக விழுந்திருக்கிறது. வரி நேராக நிற்காத இடமும் உண்டு. நம் நண்பர் செய்ததைவிடத் துப்பில்லாத கைவேலை என்றே சொல்லலாம்.

1919 மே மாதம் 'க்யூ கார்டன்ஸ்' கதையை இதேபோல் தனிப் புத்தகமாகப் போட்டார்கள். நூற்றைம்பது சொச்சம் பிரதி. விற்பனை மந்தம். அவர்கள் கிராமத்து வீட்டுக்குப் போயிருந்தபோது 'டைம்ஸ்' இலக்கிய அனுபந்தத்தில் பெயர் போடாத ஒரு மதிப்புரை வந்தது. ஊர் திரும்பிக் கதவைத் திறந்தால் கூடத்து மேஜை நிறையக் கடிதங்கள், எல்லாம் ஆர்டர். கையால் அடித்துக் கட்டுப்படியாகாமல் இரண்டாம் பதிப்பு 500 பிரதியை வெளியே அச்சகத்தில் கொடுத்து அடிக்கவேண்டி வந்தது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது, வெளியே அடித்த 500-இல் கதை ஒரு சொல்லும் குறையவில்லை என்பதுதான். நண்பரின் பதக்கத்தை அச்சு வார்த்து 500 செய்தால் அது வேறு பண்டம். 'க்யூ கார்டன்ஸ்' வேறு பண்டம் ஆகவில்லை. அந்தக் கையச்சுப் பிரதிக்கு இன்றைக்கு ஏலத்தில் பெருந்தொகை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாங்குவது வேலையை, படிப்பது கதையை. இரண்டும் ஒரே அட்டைக்குள் இருப்பதால் ஒன்றாகிவிடாது. எலியட்டின் 'வேஸ்ட் லாண்ட்' இங்கிலாந்தில் 1923-இல் புத்தகமாக வந்தபோது அதையும் வர்ஜீனியாதான் கையால் கோர்த்தார். இந்தத் தகவல் தெரியாமல் அந்தக் கவிதையைப் படித்தவன் எதையும் இழக்கவில்லை.

கவிதையிலும் உழைப்பு உண்டு, அது இரவு கணக்கில் தெரியாது. பத்து மாசம் உட்கார்ந்தேன் என்பது, கவிதையைப் பொறுத்தவரை, ஒரு சுயசரிதைத் தகவல். பத்து நிமிஷத்தில் வந்த நல்ல கவிதையும் பத்து வருஷம் திருத்தின மோசமான கவிதையும் நமக்கெல்லாம் தெரியும். களிமண்ணில் குமிழி இருந்தால் சூடு காட்டிக்கொடுத்துவிடும். நண்பர் ஒரு வார்த்தை விவாதம் செய்யாமல் அந்தத் துண்டை எடுத்துக் குப்பையில் போடுவார், நான் பார்த்திருக்கிறேன். அதே மனிதர் 48 கவிதையில் ஒன்றைக்கூடக் குப்பையில் போடவில்லை. ஏன்? வாங்கியவர்கள் பாராட்டினார்கள். அவர்கள் பாராட்டியது, நகையோடு ஒரு சீட்டும் வைத்தனுப்பிய அன்பை. அந்த அன்பு நிஜம்தான். அதைக் கவிதைக்குக் கிடைத்த மதிப்பீடு என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு.

இந்த இடத்தில் ஒரு ஆட்சேபம் வரும். நண்பரே டெலிபோனில் சொன்னார்: 'விட்மன் பண்ணலையா?' பண்ணினார். அதுவும் எட்ஸி பிறந்த அதே புரூக்ளினில், 150 வருஷத்துக்கு முன்னால். அச்சுத் தொழில் தெரிந்தவர் வால்ட் விட்மன். 1855-இல் தெரிந்தவர்களின் சிறு அச்சகத்தில் 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' தொகுதியைச் சொந்தச் செலவில் அடித்தார். 12 கவிதைகள், 795 பிரதிகள். சில பக்கங்களுக்குத் தானே எழுத்துக் கோர்த்ததாகச் சொல்வார்கள். தலைப்புப் பக்கத்தில் பெயர் கிடையாது. எதிரில் தொப்பியும் திறந்த சட்டையுமாகத் தன் படம். விற்கவில்லை. எமர்ஸனுக்கு ஒரு பிரதி போயிற்று. அவர் மனம்விட்டுப் பாராட்டி ஒரு சொந்தக் கடிதம் எழுதினார். விட்மன் அவரைக் கேட்காமல் அதைத் தினசரியில் அச்சிடக் கொடுத்தார்; அடுத்த வருஷம் வந்த இரண்டாம் பதிப்பின் முதுகில் அந்தக் கடிதத்து வாக்கியம் ஒன்றை எமர்ஸன் பெயரோடு தங்க எழுத்தில் பொறித்தார். இது போதாதென்று பெயர் போடாமல் தன் புத்தகத்துக்குத் தானே மதிப்புரை எழுதினார். ஒன்றல்ல, குறைந்தது மூன்று.

வெட்கங்கெட்ட காரியம். அதைப் பூசி மெழுகமாட்டேன். மகாகவி செய்தால் மட்டும் அது யோக்யமாகிவிடாது. ஆனால் விட்மனை உதாரணம் காட்டுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. அந்த இரண்டாம் பதிப்பின் பின்னால் மதிப்புரைகளைச் சேர்த்து அச்சிட்டிருக்கிறார். பாராட்டு மட்டுமல்ல, ஆபாசம், உளறல், தலைக்கனம் என்கிற தினுசில் தன்னைக் கிழித்துப்போட்டவற்றையும் சேர்த்தே. தன் கவிதைக்கு எதிரான சாட்சியைத் தன் செலவில், தன் புத்தகத்துக்குள்ளேயே அச்சிட்ட சுயவிளம்பரக்காரன் அவன். கவனிக்கப்படாமல் போவதற்குத்தான் அவன் அஞ்சினான், மதிப்பிடப்படுவதற்கு அல்ல. இன்னொன்றும் உண்டு. தனக்குத் தானே மதிப்புரை எழுதுவது கள்ளத்தனம் என்று சொல்லவே, மதிப்புரை என்பது வேறு யாரோ எழுதவேண்டிய காரியம் என்ற ஒப்புதல் ஊரில் இருக்கவேண்டும். புரூக்ளினில் 1855-இல் அது இருந்தது.

இன்றைய சந்தையில் அந்த ஒப்புதல் இருக்கிறதா? 2011-இல் அமெரிக்கரான ஜான் லாக், சொந்தமாகப் போட்ட மின்நூல்களைக் கிண்டிலில் பத்து லட்சம் பிரதி விற்ற முதல் ஆள் என்று பெயரெடுத்தார். எப்படி விற்றேன் என்று ஒரு புத்தகமும் எழுதினார். அடுத்த வருஷம் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தியில், காசுக்கு மதிப்புரை எழுதித் தரும் ஒரு கடையில் முந்நூறு மதிப்புரை வாங்கினதை அவரே ஒப்புக்கொண்டிருந்தார். விற்பனை ரகசியம் சொன்ன புத்தகத்தில் அந்த ரகசியம் இல்லை. அந்தக் கடையில் ஒன்று 99 டாலர். ஐம்பதாக வாங்கினால் 999. நல்ல வெங்காயம் மூட்டையாக வாங்கினால் மலிவு என்பதுபோல.

லாக்கைத் திட்டுவது சுலபம். மதிப்புரை என்பதை விற்பனை யந்திரத்தில் ஒரு பல்சக்கரமாகப் பொருத்திவிட்ட பிறகு, அதை யாராவது விலைக்கு வாங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நண்பர் வாங்கவில்லை. கெஞ்சிக் கேட்டார், அவ்வளவுதான். ஆனால் இருவருக்கும் மதிப்புரையின் உபயோகம் ஒன்றே: அது படிக்கிறவனோடு பேசுவதல்ல, சக்கரத்தைச் சுற்றுவது. இன்னும் கொஞ்ச நாளில் இதற்கு மனிதன்கூடத் தேவைப்படாது. 2023 செப்டம்பரில் அமேசான், சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு விதித்தது. ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று புத்தகத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. யந்திரம் எழுதிய நூல்களின் வெள்ளம் பற்றிய கவலை எழுந்திருந்த சமயம். ஒரு நாளைக்கு மூன்று! கட்டுப்பாடு என்று சொல்லிக்கொண்டு இதைச் செய்தார்கள். இந்தப் பிரளயத்தில் பத்து மாசம் நூறு பிரதி தைத்த ஒருவர் 'இது கையால் செய்தது' என்று கத்தவேண்டியிருப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. எங்கே கத்துகிறோம் என்பதைத்தான் அவர் பார்க்கவில்லை.

இந்த விஷயத்தில் நமக்கு நம்முடைய உதாரணம் ஒன்று இருக்கிறது. சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கி 1970 வரை, 119 இதழ் நடத்தியவர். புத்தகங்களைத் தானே போட்டார். மூட்டையாகக் கட்டிச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். கைவேலை தெரிந்தவர் என்பதும், பொம்மைகள் செய்து விற்றுப் பார்த்தவர் என்பதும் அவரோடு பழகியவர்கள் சொல்லிக் கேட்டது. 85 வயதை நெருங்கும்போது 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகமாகத் தானே வெளியிட்டார், 1997-இல். மறுவருஷம் டிசம்பரில் போய்விட்டார். அதற்கு அகாதெமி பரிசு வந்தது 2001-இல்.

செல்லப்பாவைத் தியாகி ஆக்கிப் படம் மாட்டுவது இப்போது ஒரு சடங்காகிவிட்டது. அது எனக்கு உவப்பில்லை. மூட்டை சுமந்ததற்காக அவருடைய கதைகளுக்கு நாலு மார்க் சேர்த்துப் போடுவதை அவரே ஏற்றிருக்கமாட்டார். 'அலசல்' என்று பெயர் வைத்து வரி வரியாகப் பிரித்துப் பார்க்கிறதையே தொழிலாக வைத்துக்கொண்டவர். நான் சொல்லவருவது வேறு. அந்த மூட்டையில் இருந்தவை எல்லாம் அவர் எழுதியவையா? பிச்சமூர்த்தியின் 'காட்டு வாத்து' இருந்தது. 1962-இல் வந்த 'புதுக்குரல்கள்' இருந்தது, 24 கவிகளின் 63 கவிதைகள். அவர் வாசலில் வந்து நின்றபோது எதிரில் ஒரு ஆள் இருந்தான். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். ஏன் இதை வாங்கவேண்டும் என்று கேட்கலாம். கேட்டால் அவர் பேசுவார், கவிதையைப் பற்றிப் பேசுவார். எந்த ஊசியில் தைத்தது என்று சொல்லியிருக்கமாட்டார். சந்தைத் தளத்தில் வேண்டாமென்று போகிறவனின் முகம் தெரிவதில்லை. எத்தனை பேர் பார்த்துவிட்டு வாங்காமல் போனார்கள் என்ற எண் மட்டும் தெரிகிறது. அந்த எண்ணோடு பேச முடியாது. அதை உயர்த்தத்தான் முடியும். உயர்த்துவதற்கு இன்னொரு பூனைப் படம், இன்னொரு மெழுகுவர்த்தி.

இதுவரை நண்பரின் பக்கத்துப் பாதியைச் சொன்னேன். மீதிப் பாதி என்னுடையது. 'வேலையைப் பார்க்கலை' என்று அவர் சொன்னபோது தையலை நினைத்துத்தான் சொன்னார். தையலை நான் பார்த்தேன். ஆனால் வேறு ஒரு அர்த்தத்தில் அவர் சொன்னது சரி. 48 கவிதையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் படித்து, நாலு வரியில் தீர்ப்பெழுதி, நட்சத்திரமும் போட்டவன் நான். விமர்சனம் சக்கரத்தின் பல்லாகிவிட்டது என்று புலம்புகிறவன், கேட்டவுடன் அதே பல்லாகப் போய் உட்கார்ந்தேன். கடுமையாக எழுதிவிட்டதால் அது விமர்சனம் ஆகிவிடாது. ஐந்து நட்சத்திரம் போடுகிறவன் எவ்வளவு படித்தானோ அவ்வளவுதான் நானும் படித்தேன்.

டெலிபோனுக்குப் பிறகு புத்தகத்தை மறுபடி எடுத்தேன். 31-ஆம் பக்கத்தில் பதின்மூன்று வரிக் கவிதை ஒன்று இருக்கிறது. தலைப்பு இல்லை. சூட்டிலிருந்து எடுத்த பதக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறான் ஒருவன். பின்புறம் அவன் கட்டைவிரல் ரேகை மண்ணோடு சேர்ந்து சுட்டுப்போயிருக்கிறது. உடனே, எந்த இணைப்புச் சொல்லும் இல்லாமல், பாங்குக் கவுண்டரில் அம்மா. குமாஸ்தா அவள் கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தி, காகிதத்தில் உருட்டுகிறான். அவள் விரலை விடுவித்துக்கொண்டு, மையைத் தன் தலைமுடியில் துடைத்துக்கொள்கிறாள். பிறகு மறுபடி பதக்கம். வாங்கப்போகிற முகம் தெரியாத ஒருத்தியின் நெஞ்சுமேல் அந்த ரேகை கிடக்கப்போகிறது.

நான் அந்தக் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கிறவன். பதினோரு வருஷமாக விரல்களைப் பிடித்து உருட்டியிருக்கிறேன். மையைத் தலைமுடியில் துடைப்பதை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. துணி ஒன்று கட்டிவைத்திருக்கிறோம். யாரும் அதைத் தொடுவதில்லை, புடவையில் கறை படும் என்று அதிலும் துடைப்பதில்லை, கை தானாகத் தலைக்குப் போகிறது. இத்தனை பார்த்தும் நான் அதைப் பார்த்ததில்லை என்பது இந்தக் கவிதையைப் படித்தபோதுதான் தெரிந்தது. இரண்டு கைரேகைகளுக்கும் நடுவில் நண்பர் ஒப்புமைச் சொல் எதுவும் போடவில்லை. கடன் பத்திரத்தில் விழுந்த ரேகையும் விற்பனைப் பண்டத்தில் விழுந்த ரேகையும் அருகருகே கிடக்கின்றன. ஒன்று எழுதத் தெரியாததற்கு அடையாளம், மற்றது செய்யத் தெரிந்ததற்கு. இரண்டிலும் அந்த விரல் யாருடையது என்று வாங்குகிறவர்களுக்கு அக்கறையில்லை. இதைக் கவிதை சொல்லவில்லை, தலைமுடியில் துடைக்கிற அந்த ஒரு காரியத்தின் மூலம் உணரவைக்கிறது. 'கையால் செய்தது' என்ற சொல் இந்தப் புத்தகத்தில் எங்காவது உண்மையாக இருக்கிறதென்றால் இங்கேதான். உறையில் சொன்னதை விடவும் அதிகமாகவே இங்கே சொல்லியிருக்கிறது. அந்தச் சொல்லையே உபயோகிக்காமல்.

எனக்கு வந்த பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறம் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தது. கடையில் அப்படித்தான் வேண்டும் என்கிறார்களாம்.

கவிதையில் ஒரு குறை. பதினோராவது வரியோடு எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. கடைசி இரண்டு வரியில் நண்பர் தாமே முன்னால் வந்து, இதுதான் என் கையெழுத்து, இதுவே என் முகவரி என்று அறிவிக்கிறார். அது கடைப் பக்கத்தின் குரல். பதினோரு வரி வரைக்கும் யாருடையதென்று தெரியாமல் கிடந்த ரேகை அந்த இரண்டு வரியில் வியாபாரச் சின்னமாகிவிடுகிறது. அடுத்த பதிப்பு வரை காத்திருக்கவேண்டியதில்லை. நூறு பிரதியில் எழுபதுக்கு மேல் இன்னும் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். 31-ஆம் பக்கத்தை எழுபது தடவை திறந்து, அந்த இரண்டு வரியைப் பேனாவால் அடித்துவிடலாம். ஒரு ராத்திரி வேலை.